"டைரிய எடுத்தியா?" என்று கேட்பதை நிறுத்துங்கள்

காலை ஏழு மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகள்தான். டைரிய எடுத்தியா, ஐடி கார்டு எங்க, தண்ணி பாட்டில் வெச்சியா, இன்னும் ஷூ போடலையா. இதை அக்கறை என்று நினைத்துத்தான் கேட்கிறோம். ஆனால் பிள்ளைக்குப் பொறுப்பு வராமல் போவதற்கு இந்தக் கேள்விகளே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. தினமும் அம்மா ஞாபகப்படுத்துவாள் என்று தெரிந்த பிள்ளை எதற்காக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்? வேலையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, அதன் நினைப்பை மட்டும் நாமே சுமந்துகொண்டிருக்கிறோம்.

பொறுப்பு கொடுப்பது என்றால் ஒரே ஒரு வேலையை முழுதாகக் கொடுப்பது. நினைவு வைப்பது, செய்வது, செய்ய மறந்தால் வருவதை எதிர்கொள்வது, மூன்றும் பிள்ளையுடையது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஸ்கூல் பேக் அடுக்குவதை இப்படிக் கொடுக்கலாம். காலையில் இல்லை, முந்தைய நாள் இரவு, வீட்டுப்பாடம் முடிந்த கையோடு.

பேக் அடுக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நாளைக்கு வேண்டியதை உள்ளே சேர்ப்பார்கள், இன்றைக்கு உள்ளதை வெளியே எடுக்க மாட்டார்கள். பை கனப்பது அதனால்தான். டைம்டேபிளைப் பிள்ளையின் கண் உயரத்தில், புத்தக அலமாரிக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினால் நடந்து போய்ப் பார்த்துத் திரும்புவதற்குள் பாதி மறந்துவிடும். பிரவுன் ஷீட் போட்ட நோட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அதனால் லேபிளை முன் அட்டையில் மட்டுமல்ல, முதுகுப் பக்கத்திலும் ஒட்டுங்கள். அடுக்கி வைத்த நிலையிலேயே எது சயின்ஸ், எது சோஷியல் என்று தெரியும்.

எடையையும் பாருங்கள். மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கைப்படி பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. பையோடு ஒரு தடவை, பை இல்லாமல் ஒரு தடவை எடை மெஷினில் நிற்க வைத்தால் தெரிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் அரை லிட்டர் பாட்டில் போதும், அங்கே நிரப்பிக்கொள்ளலாம்.

டைரியில் கையெழுத்து, பணம், சார்ட் பேப்பர், இதெல்லாம் வேன் ஹாரன் அடிக்கும்போதுதான் வெளியே வரும். இதற்கு ஒரு நேரம் வையுங்கள். கையெழுத்து இரவு எட்டு மணி வரைதான். அதற்கு மேல் நீட்டினால் அடுத்த நாள் இரவுதான். கோபம் வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள். பழைய பேனாவும் காலண்டர் அட்டையுமாகச் சமாளிக்காமல் வீட்டில் இரண்டு வெள்ளை சார்ட், ஒரு ஃபெவிகால், ஸ்கெட்ச் பேனா எப்போதும் இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்குக் கடை தேடி அலையும் வேலை மிச்சம்.

இனி நேரக் கணக்கு. இதை எப்போதும் பின்னாலிருந்து போடுங்கள். வேன் 7.50-க்கு வருகிறது என்றால் 7.40-க்குப் பிள்ளை ஷூவோடு வாசலில். 6 முதல் 12 வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 6.15-க்கு எழ வேண்டிய பிள்ளை ஒன்பது மணிக்குத் தூங்கியிருக்க வேண்டும். சீரியல் முடிந்து பத்தரைக்குப் படுத்த பிள்ளையைக் காலையில் எழுப்ப எந்த உத்தியும் உதவாது.

காலை உணவுக்கும் கிளம்புவதற்கும் நடுவில் பதினைந்து, இருபது நிமிஷம் விடுங்கள். சாப்பிட்ட சற்று நேரத்தில் குடல் தானாக அசையும், அப்போதுதான் பிள்ளைக்கு வெளியே போக வரும். கடைசி வாய் இட்லியை ஊட்டிக்கொண்டே வேனில் ஏற்றினால் அது தள்ளிப்போகும். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் அடக்குவார்கள், அதற்காகவே தண்ணீரும் குடிக்க மாட்டார்கள். வாரக்கணக்கில் இப்படிப் போனால் மலச்சிக்கல், வயிற்று வலி. "ஸ்கூல் போகாம இருக்க நடிக்கிறான்" என்று திட்டுவதற்கு முன் இதை விசாரியுங்கள். வேனிலோ வகுப்பிலோ யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்றும் கேளுங்கள்.

டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருவதற்குப் பிள்ளையின் வாய் மட்டும் காரணமில்லை. ஆவி பறக்கும் சாதத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டு உடனே இறுக்கி மூடினால், ஆறும்போது உள்ளே காற்றழுத்தம் குறைந்து மூடி கவ்விக்கொள்ளும். ஆறு வயதுக் கைக்கு அது திறக்காது. கேட்கக் கூச்சப்பட்டு மூடியே திரும்பக் கொண்டுவரும். பத்து நிமிஷம் ஆறவிட்டு மூடுங்கள். புது டப்பா வாங்கினால் வீட்டிலேயே பிள்ளையைத் திறந்து மூடிப் பழகவிடுங்கள். தயிர் சாதம் என்றால் பாலை அதிகமாக ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்தால் மதியத்துக்குள் சரியாக உறையும், புளிக்காது.

ஷூ லேஸ் கட்டுவதைத் திங்கட்கிழமை 7.40-க்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் உட்காருங்கள். பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தால் இடது வலது மாறித் தெரியும், அதனால் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும். முழு முடிச்சையும் நீங்கள் போட்டு, கடைசியாக லேஸின் இரண்டு காதையும் பிடித்து இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். அது வந்ததும் அதற்கு முந்தைய படி. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் ஒவ்வொரு முறையும் முடித்தது பிள்ளையின் கையாக இருக்கும், அழுகை வராது. பொதுவாக ஐந்து, ஆறு வயதில் கைக்கு வந்துவிடும். அதுவரை ஒட்டும் பட்டை ஷூவே நல்லது.

ஆறேழு வயது வரை "அஞ்சு நிமிஷத்துல ரெடியாகு" என்பதற்குப் பிள்ளையிடம் பொருளே இல்லை. "பெரிய முள் ஆறுக்கு வர்றதுக்குள்ள" என்று கடிகாரத்தைக் காட்டுங்கள். "பல்லு தேய், குளி, டிரஸ் போடு, சாப்பிட வா" என்று நாலு வேலையை ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றுதான் மனதில் நிற்கும்.

சரி, மறந்துவிட்டுப் போனால்? இங்கேதான் பெரும்பாலோர் மூன்றாம் நாளே தோற்கிறார்கள். நோட்டை விட்டுப்போனான் என்று தாத்தா டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் நிற்பார். நோட்டு, ஜியாமெட்ரி பாக்ஸ், கலர் பென்சில் ஆகியவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். சாப்பாடு, கண்ணாடி, இன்ஹேலர் மாதிரி மருந்து, பொதுத்தேர்வு ஹால் டிக்கெட், இவற்றைக் கட்டாயம் கொண்டுபோய்க் கொடுங்கள். உடலும் எதிர்காலமும் பாடம் கற்பிக்கும் இடமில்லை. வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: "இனி அவனே பேக் அடுக்குகிறான், சில நாள் விட்டுப்போகும், கண்டியுங்கள், ஆனால் வெளியே நிற்க வைக்காதீர்கள்." அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படியே தடை. மாலையில் "நான் சொன்னேன்ல" என்று ஆரம்பிக்காதீர்கள். "நாளைக்கு மறக்காம இருக்க என்ன பண்ணலாம்?" என்ற ஒரு கேள்வி போதும்.

பேக் அடுக்கினால் ஐந்து ரூபாய் என்று காசில் பழக்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை. அடுத்த மாதம் பத்து ரூபாய் கேட்கும்.

ஒன்பது, பத்து வயதிலும் வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மாதிரி மறதியும் கவனச்சிதறலும் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அது சோம்பல் என்று முடிவு கட்ட வேண்டாம். குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடும் பெற்றோரின் பிள்ளைகள் கதவைப் பூட்டி, தம்பி கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார்கள். அங்கே பொறுப்பு குறைவில்லை, அளவுக்கு மீறி இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை நான் மனதார ஆதரிப்பது இதனால்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைக்குப் பள்ளியிலேயே சூடான உப்புமாவோ பொங்கலோ கிடைத்தால் அந்தக் காலையில் ஒரு பாரம் குறைகிறது.

கொடுத்த வேலை ஒரு மாதம் நீங்கள் வாயைத் திறக்காமலே நடந்தால் அடுத்ததைக் கொடுங்கள். ஐந்தாம் வகுப்பில் தன் அலாரம், அதுவும் போனில் இல்லாமல் தனிக் கடிகாரத்தில். ஆறில் சாக்ஸ் துவைப்பது. மழைக்காலத்தில் ஒரே நாளில் காயாது என்பதால் நாலு ஜோடியாவது வேண்டும். பள்ளியிலிருந்து வந்ததும் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்ப்பது பையன், பெண் இருவருக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே. அண்ணன் டப்பாவைத் தங்கச்சி கழுவுகிற வீடாக இருந்தால், பேக் அடுக்குவதற்கு முன் அதை இந்த வாரமே மாற்றுங்கள்.