நல்ல காயை விதைக்கு விடுங்கள்

மாடியில் கத்தரிக்காய் ஒன்று மஞ்சளாகப் பழுத்துத் தொங்குகிறது. நேற்று துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு மனம் பொறுக்கவில்லை. "இருப்பதிலேயே பெரிய காயை இப்படி வீணாக்கிவிட்டாயே, ஒரு வேளைக் குழம்புக்கு ஆகியிருக்குமே!" என்றார். இருப்பதிலேயே பெரியது என்பதால்தான் விட்டேன் அக்கா.

தண்டையார்பேட்டையில் ஏழு வருடங்களாக மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் ஆடி பிறந்தால் விதைப் பாக்கெட் வாங்க ஓடுவேன். ஒரு வருடம் தக்காளி கொத்துக் கொத்தாகக் காய்த்தது. ஆசையாக விதை எடுத்து வைத்து மறுவருடம் போட்டால், பத்துச் செடியும் பத்து விதம். ஒன்றில் கோலிக்குண்டு அளவு, இன்னொன்றில் கோணல் காய், இரண்டு செடிகள் காய்க்கவே இல்லை. என் கைராசிதான் சரியில்லை என்று அழுதேன். அது வீரிய ஒட்டு விதை என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கும் அந்த விதை முதல் தலைமுறையில் ஒரே சீராகக் காய்க்கும். அதன் பிள்ளைகள் தாயைப்போல இருக்காது. விற்ற கடையில் இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் கோபம் இருக்கிறது.

அன்று முதல் நாட்டு விதைதான். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் ரகம் அவ்வளவாக மாறாது. நன்கு பழுத்ததைப் பிழிந்து, சதையோடு விதையை ஒரு டம்ளரில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவேன். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு கரைந்து, நல்ல விதை அடியில் தங்கிவிடும். கழுவி, நிழலில் காயவைத்து, சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தால் முடிந்தது.

பீர்க்கு அப்படியில்லை. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. சாயங்காலத்தில்தான் பூக்கும். எங்கள் மாடிக்குப் பூச்சி வரத்து குறைவு. அதனால் விளக்கு வைக்கும் நேரத்தில் ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, பின்புறம் பிஞ்சு ஒட்டியிருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுவேன். விரல் நுனியெல்லாம் மஞ்சள் பொடி. நான்கு நாளில் பிஞ்சு நீள ஆரம்பித்தால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பழுத்து உதிர்ந்தால் இல்லை.

உரத்துக்கு நம் பகுதியில் குறைவே இல்லை. காசிமேட்டு மீனின் செதிலும் குடலும் எடைக்கு எடை நாட்டுவெல்லம் சேர்த்து மூடி வைத்தால், ஒரு மாதத்துக்குள் தேன் நிறத்தில் மீன் அமிலம் வடியும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி போதும். கடற்காற்றில் இலைமேல் படியும் உப்புக்கும் லாரித் தூசிக்கும் வாரம் இருமுறை காலையில் தண்ணீர் தெளித்துக் கழுவுகிறேன். வடசென்னையில் என்ன விளையும் என்று கேட்பவர்கள் ஒருமுறை எங்கள் மாடிக்கு வந்து பார்க்கட்டும்.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. நல்ல காயையெல்லாம் பறித்துச் சமைத்துவிட்டு, கடைசியில் சூம்பிப்போய் நிற்பதை விதைக்கு விடுகிறார்கள். பிறகு, வருடத்துக்கு வருடம் காய் சிறுத்துப்போகிறது என்று வருந்துகிறார்கள். நோயில்லாத செடியில், முதல் காய்ப்பிலேயே, திரண்ட காயாகப் பார்த்து ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். வீட்டில் யாரும் பறிக்கமாட்டார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கத்தரியை அறுக்கப்போகிறேன். ஒரு பழத்திலேயே நூற்றுக்கணக்கில் விதை இருக்கும். எனக்கு இருபது போதும். ஆடியில் விதைத்தால் ஐப்பசி அடைமழைக்குள் செடி வேர் பிடித்துவிடும். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம். உங்கள் வீட்டில் பழைய நாட்டு அவரை விதை இருந்தால் ஒரு பிடி கொண்டுவாருங்கள், என்னிடம் இருந்தது போன மழையில் பூசணம் பிடித்துவிட்டது.