11 ரேஸ் ஓட்டினவர் வாயைத் திறக்கக்கூடாதா?

நேத்து சுத்தின அந்த மீமைப் பார்க்காதவங்க இங்கே யாரும் இருக்க மாட்டீங்க. ஃபார்முலா ஒன் கார் ரேஸ் ஓட்டிட்டு, இப்ப டிவியில ரேஸை அலசிச் சொல்ற நம்மாள் கருண் சந்தோக் படத்தைப் போட்டு, 'ஓட்டத் தெரியாதவன் கிளாஸ் எடுக்கிறான்'. கீழே எத்தனை ஹாஹா! எல்லாம் நம்ம ஊர் ஆளுங்க.

ஓட்டத் தெரியாதவராம். ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே இருந்த ஜிபி2-ல 2007ல் ஸ்பாவிலும் 2008ல் ஹாக்கன்ஹைமிலும் ஜெயிச்சவர். 2010ல் ஃபார்முலா ஒன்ல ஹிஸ்பானியா டீம் கொடுத்த வண்டி லட்சணம் தெரியுமா? பஹ்ரைனில் முதல் ரேஸ், வண்டியே தயாராகல. பிராக்டீஸ் இல்லாம நேரா, யார் எந்த இடத்துல கிளம்பணும்னு முடிவு பண்ற குவாலிஃபையிங்கில்தான் அதை முதல்முறையா ஓட்டினார். அந்த டீம் அந்த வருஷம் ஒரு பாயிண்ட்கூட எடுக்கல. 10 ரேஸோட பாதியிலேயே இவரை மாத்திட்டாங்க. 2011ல் ஜெர்மனியில் லோட்டஸுக்கு ஒண்ணு. ஆக 11 ரேஸ்.

சரி, 11தான். அதனால? இங்கிலாந்துக்காரர் மார்ட்டின் பிரண்டில் 158 ரேஸ் ஓட்டியும் ஃபார்முலா ஒன்ல ஒண்ணுகூட ஜெயிக்கல. 1997லேர்ந்து டிவி கமெண்டரி மைக் அவர் கையிலதான். அவர்கிட்ட யாராவது கோப்பை எங்கேன்னு கேட்டீங்களா? வெள்ளைக்காரர்னா அனுபவஸ்தர், நம்மாள்னா தோத்தவர்!

ஸ்கை டிவியில கருண் செய்றதை உட்கார்ந்து பாருங்க. ரெண்டு டிரைவரோட ஆன்போர்டு வீடியோவை, அதாவது கார்லயே மாட்டின கேமரா எடுத்ததைப் பக்கத்துல பக்கத்துல ஓடவிட்டு ஒரே வளைவுல நிறுத்துவார். இவர் பிரேக்கைச் சீக்கிரம் விட்டுட்டார், அவர் ஸ்டீயரிங்கை இன்னொரு தடவை திருத்துறார், நேரம் போனது இங்கதான்னு காட்டுவார். கடைசி வரிசையில வண்டியோட மல்லுக்கட்டினவர் கண்ணுக்குத்தான் அந்தக் குட்டித் திருத்தம் சிக்கும்.

எனக்கேன் இவ்வளவு எரியுது? நான் கிரிக்கெட்ல டிவிஷன் லீக்கோட நின்னவன். அம்பயர் பரீட்சை எழுதி பாஸானேன். கல்யாணப் பந்தியில எங்க சித்தப்பா, "ரஞ்சி வாசலையே மிதிக்காதவன் அவுட் குடுக்கிறானாம்"னு சத்தமா சொன்னார். பாயசம் ஊத்தினவர்கூட சிரிச்சார். எல்பிடபிள்யூ விதியை ஒழுங்கா சொல்லச் சொன்னா அந்தப் பந்தியே எழுந்து ஓடியிருக்கும்.

'தாத்தா கிளப், அப்பா காசு'ன்னு வருவீங்க. ஆமா, தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். அப்பா விக்கியும் ரேஸ்காரர். காசில்லாம எவர் ரேஸ் ஓட்டினார்? இருங்காட்டுக்கோட்டையில டிராக் வந்ததே அந்த கிளப்பாலதானே.

'நரேன் கார்த்திகேயன்தான் நிஜ டிரைவர்.' யார் இல்லைன்னா? 2005ல் அமெரிக்காவோட இண்டியானாபோலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் ரேஸ்ல நாலாவதா வந்தார். அன்னிக்கு ஓடினதே 6 கார்தானேன்னு அவரையும் கலாய்ச்சது நீங்கதான். இப்ப கருணைக் குட்டறதுக்காக மட்டும் அவர் தெய்வமாயிட்டார்.

அதை ஷேர் பண்ணின ரெண்டு பேர் என் லிஸ்ட்லயே இருக்கீங்க. 'சும்மா காமெடிக்கு ப்ரோ'ன்னு கமெண்டுக்கு வந்துடாதீங்க.