ஆள் தெரியாவிட்டாலும் தொடங்கலாம்

இசை நிறுவனத்தில் புதுப் பாடகர்களைத் தேடிப்பிடிக்கும் ‘ஏ அண்ட் ஆர்’ வேலைக்குக் கொழும்பிலோ சென்னையிலோ ஆள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். தெரிந்தால் நல்லதுதான். ஆனால் இந்த வேலைக்குப் போக விரும்பும் எங்கள் வன்னிப் பிள்ளைகள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்த பெடியள் பாடினால் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். அவர்களிடம் கேட்டுவிட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். சொந்தப் பாட்டா, வரி யாருடையது, மெட்டு யாருடையது என்றும் குறித்து வையுங்கள். பாட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. இரண்டையும் குழப்பி ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் பாடின பிள்ளைக்குத்தான் நட்டம். இது தெரிந்த ஒருவர் எங்கள் பக்கத்திலிருந்தே அந்த வேலைக்குப் போகவேண்டும் என்பது என் பெரிய ஆசை.