கவிழாத படகுகளின் நஷ்டம்

2009 நவம்பரில் ஜப்பானின் சிபா கடற்பகுதியில் 10 டன் மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்தது. புயல் எதுவும் இல்லை. வலை நிறைய நொமுரா ஜெல்லி மீன்கள். அதை இழுக்கப் போய், பாரம் தாங்காமல் படகே சாய்ந்துவிட்டது. கடலில் விழுந்த மூன்று பேரையும் இன்னொரு படகு காப்பாற்றியது. 'ராட்சத ஜெல்லி மீன்' என்ற தலைப்போடு இந்தச் செய்தி இன்றும் சுற்றுகிறது.

எனக்கென்னவோ, அன்று கவிழாமல் கரை திரும்பிய படகுகளைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

நம் கடற்கரைக்காரர்கள் சொறி என்பார்களே, அந்த வகைதான். ஆனால் நொமுரா 2 மீட்டர் அகலம், 200 கிலோ எடை வரை வளரும். ஜப்பானில் கரையோரக் கடலில் பெரிய வலைகளை நிலையாகக் கட்டி வைத்து மீன் பிடிப்பார்கள். அதற்குள் இது கூட்டமாகப் புகுந்தால் வலை கிழியும். கிழியாவிட்டாலும், உள்ளே இருக்கும் மீன் நசுங்கி, கொட்டு வாங்கி, வழவழவென்று சளி பூசிக்கொண்டு வரும். ஏலத்தில் அதற்கு என்ன விலை கிடைக்கும்? மீன்பாடு இவ்வளவு என்று கணக்கில் ஏறிவிடும். குறைந்த விலையும், சொறியை அள்ளிக் கொட்டப் போன நேரமும், வீணான டீசலும் எந்தக் கணக்கில் ஏறும்?

அந்த மீனவர்கள் செய்த குற்றமும் ஒன்றுமில்லை. நொமுரா பிறப்பது மஞ்சள் கடல், கிழக்குச் சீனக் கடல் பக்கம். நீரோட்டம்தான் அதை ஜப்பானுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

"பிடித்துத் தின்றுவிட வேண்டியதுதானே?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஜப்பானில் ஐஸ்கிரீமில்கூடப் போட்டுப் பார்த்தார்கள். நம் கரையிலும் உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்கிறார்கள். சரிதான். ஆனால் உடம்பில் 95 சதவீதம் தண்ணீராக இருக்கும் ஒன்று, 2009இல் கடலை அடைத்துக்கொண்டு வந்துவிட்டு 2010இல் பேருக்குத் தலைகாட்டினால், அதை நம்பி யார் முதல் போடுவார்கள்?

தென்மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் நமீபியாவின் கதை வேறு. அங்கே 1960களில் மத்தி மீனை அள்ளு அள்ளென்று அள்ளினார்கள். மத்தி தின்ற மிதவை உயிரிகள் சொறிக்கு மிச்சமாயின. மீன் முட்டையையும் குஞ்சையும் சேர்த்தே தின்னும் சாதி அது, விடுமா? 2006இல் வெளியான ஆய்வின்படி, அந்தக் கடலில் சொறி 1.22 கோடி டன், மீன் 36 லட்சம் டன். நமீபியா கரையோரம் ஓடும் பெங்குவேலா நீரோட்டத்தின் தெற்கே, தென்னாப்பிரிக்கா பக்கம், மீன்பிடிப்புக்குக் கடிவாளம் போட்டிருந்தார்கள். அங்கே சொறி இப்படிக் குடியேறவில்லை.

நமீபியாவில் மத்தியை அள்ளி லாபம் பார்த்த கம்பெனிகளுக்கு யாரும் பில் அனுப்பவில்லை.