அயுசோ அணி மாறியது சரி, ஆனால் கலிபியே விஷயத்தில் தப்பு அவர் மேல்தான்

சைக்கிள் பந்தய வீரர் ஹுவான் அயுசோ யுஏஇ அணியை விட்டுப் போன விஷயத்தில் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். சுயநலக்காரர் என்கிறது ஒரு கட்சி. அணியின் நட்சத்திரமான போகச்சாரின் நிழலில் வைத்து வீணடித்துவிட்டார்கள் என்கிறது இன்னொன்று. என்னைக் கேட்டால், கிளம்பியது சரியான முடிவு. அதற்காக அவர் மேல் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

திறமையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 2002-இல் பார்சிலோனாவில் பிறந்தவர், 2021-இல் 23 வயதுக்குட்பட்டோருக்கான ஜிரோவை (இத்தாலியைச் சுற்றும் பந்தயம்) வென்றார். அடுத்த ஆண்டு ஸ்பெயினைச் சுற்றும் வுவெல்டாவில் 3-ஆம் இடம். நடுவில் கோவிட் பாசிட்டிவ் வந்தும், வைரஸ் அளவு குறைவு என்பதால் தொடர்ந்து ஓட்ட விட்டார்கள். 20-ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு மட்ரிட் மேடையில் நின்றார்!

இனி கலிபியே. 2024 டூர் தெ பிரான்ஸின் 4-ஆவது ஸ்டேஜில், அதாவது நான்காம் நாள் ஓட்டத்தில், வந்த ஆல்ப்ஸ் மலை ஏற்றம் அது. இதுபோல மூன்று வாரம் நடக்கும் கிராண்ட் டூரில் ஓர் அணிக்கு 8 பேர். பள்ளத்தாக்கில் கனமான ஆட்கள் இழுப்பார்கள், அதாவது தலைவனுக்கு முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுப்பார்கள். ஏற்றம் தொடங்கியதும் மலையேறுபவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, இருக்கிற சக்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஒதுங்குவார்கள். எதிரணித் தலைவனின் துணையாட்களைக் கழற்றிவிடுவதும், யாரும் பாய முடியாத வேகத்தில் வைத்திருப்பதும்தான் நோக்கம். கலிபியே 23 கிலோமீட்டர் நீளம், சராசரிச் சரிவு சுமார் 5 சதவீதம்தான். சரிவு குறைந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் காற்றின் எதிர்ப்பும் கூடும். அங்கே பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவருக்கு லாபம் அதிகம், முன்னால் போகிறவருக்குச் செலவு அதிகம். ஒருவர் தன் முறை வந்தும் வரவில்லை என்றால், அவருடைய பங்கையும் முன்னால் இருப்பவர்தான் ஓட்டித் தீர்க்க வேண்டும்.

அதே அணியின் அல்மெய்டா திரும்பி அயுசோவைப் பார்த்து, முன்னால் வா என்று கையை ஆட்டியது நேரலையில் எல்லோருக்கும் தெரிந்தது. போகச்சார் எப்படியும் வென்றார். அயுசோ அன்று 3-ஆவதாக வந்தார். இழுத்துக் களைத்த அல்மெய்டா அவருக்குப் பின்னால். அந்த முடிவுப் பட்டியலைப் பார்க்கும் சக வீரனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இதே அளவுகோலை 2025 ஜிரோவுக்கும் வைத்து அவரைத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 7-ஆவது ஸ்டேஜை வென்றார். சியெனா ஸ்டேஜின் மண்பாதையில் விழுந்து முழங்காலில் தையல். பெடல் நிமிடத்துக்கு 90 சுற்று என்றால், 5 மணி நேரத்தில் அந்த முழங்கால் 27,000 முறை மடங்கி நிமிர வேண்டும். வலிக்கிற காலைக் காப்பாற்ற உடம்பு தானாக மறுகாலுக்குப் பாரத்தை மாற்றும். பிறகு இடுப்பும் முதுகும் சேர்ந்து கெடும். 16-ஆவது ஸ்டேஜில் 14 நிமிடத்துக்கு மேல் இழந்தார். அதன் பிறகு கண்ணருகே குளவியோ தேனீயோ கொட்டி, 18-ஆவது ஸ்டேஜில் விலகினார். இதில் குணக்கேடு எங்கே இருக்கிறது? அதற்குள் அதே அணியின் டெல் தோரோ, முதலிடத்தில் இருப்பவர் அணியும் இளஞ்சிவப்பு ஜெர்சியில் இருந்தார். அணித் தலைமைக்கான வரிசையில் அயுசோவுக்கு முன்னால் இன்னும் ஓர் ஆள் வந்தாயிற்று.

அந்த ஆண்டு வுவெல்டாவில் அன்டோரா ஏற்றத்தில் பின்தங்கி மொத்த நேரப் போட்டியைக் கைவிட்டார்; மறுநாளே செர்லெரில் ஸ்டேஜ் வெற்றி. செப்டம்பர் 8, ஓய்வு நாள். 2028 வரை இருந்த ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிகிறது என்று அணி அறிவித்தது. பந்தயம் இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது அப்படி அறிவித்தது அநியாயம். அல்மெய்டா மொத்த முதலிடத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் எதிரணியின் விங்ககோரிடம் 1 நிமிடம் 16 வினாடியில் தோற்றார். அந்த வாரத்தில் அணிக்குள் இந்தச் சண்டை தேவையா?

இப்போது லிட்ல்-ட்ரெக் அணி, ஒப்பந்தம் 2030 வரை. போகச்சார் இல்லாத அணி என்பதால் தலைமை தானாக வந்துவிடாது. 2023 சுவிஸ் டூரில் கடைசி டைம் ட்ரையலை (ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டுவது) எவனபுல் போன்ற பெரிய வீரரையே முந்தி அயுசோ வென்றும், மொத்தத்தில் 9 வினாடியில் அயுசோவைத் தோற்கடித்தவர் ஸ்கெல்மோசே. அவரும் இதே அணிதான். ஸ்கெல்மோசேவுக்காக ஒரு மலையில் அயுசோ எத்தனை கிலோமீட்டர் முன்னால் நின்று இழுக்கிறார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அயுசோவின் சொந்த வெற்றிகளை அதற்கப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.