அந்த மீன் கேலிப் பொருள் அல்ல

ஞாயிற்றுக்கிழமை கோபிசெட்டிபாளையத்து நிகழ்ச்சியில் நடந்ததைப் பற்றி இங்கே பலரும் எழுதிவிட்டீர்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆழ்கடல் தூண்டில் மீனைத் தன் கையால் வரைந்து, அதன் ஆண் பெண்ணின் உடலோடு ஒட்டி ஒன்றாகிவிடும் என்று விளக்கினாள். உடனே சிறப்பு விருந்தினர் மைக்கில், "கல்யாணம் ஆனா எல்லா ஆம்பளைக்கும் இதே கதிதான்" என்றார். அவர் கைப்பேசியில் காட்டிய படம் வேறு மீனுடையது என்று அவள் மெதுவாகச் சொன்னதற்கு, "உனக்கு இப்பவே கல்யாணக் கவலையா கண்ணு?" என்று மறுபடியும் அரங்கைச் சிரிக்க வைத்தார்.

அவள் சொன்னதுதான் சரி. அவர் காட்டியது, 2025 ஜனவரியில் ஸ்பெயினின் டெனரிஃப் தீவுக்கருகே நீர்மட்டத்துக்கு வந்து உலகமெங்கும் பேசப்பட்ட கரிய தூண்டில் மீன். அந்த இனத்தின் ஆண் சிறிது காலம் பற்றியிருந்துவிட்டு விலகிவிடும். அவள் வரைந்ததோ செராட்டியஸ் ஹோல்பெல்லி என்ற வேறோர் இனத் தூண்டில் மீன். அதன் பெண் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். ஆண் ஒரு சாணைக்கூட எட்டாது. கடித்துப் பற்றியதும் இரண்டின் திசுக்களும் இரத்த ஓட்டமும் இணைந்துவிடுகின்றன. 1922-இல் ஐஸ்லாந்து மீனியலாளர் பியார்னி சேமுண்ட்சன், பெண்ணின் உடலில் தொங்கிய சிறு மீன்களைக் குஞ்சுகள் என்றே எண்ணினார். அப்படி ஒட்டியிருப்பது ஆண் மீன் என்பதை 1925-இல் பிரிட்டன் மீனியலாளர் டேட் ரீகன் கண்டறிந்தார். ஆண் அழிந்துபோவதும் இல்லை. பெண்ணின் இரத்தத்தில் ஊட்டம் பெற்று, தனித்து நீந்திய காலத்தைவிடப் பெரிதாக வளர்கிறது.

ஒரு நகைச்சுவைக்கு இவ்வளவு கோபமா என்பீர்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அண்ணனுக்கு அண்ணி தம் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். மனமுவந்து கொடுத்த அந்த உறுப்பை அண்ணனின் உடல் இன்றும் அந்நியமாகத்தான் பார்க்கிறது. அதைத் தாக்காமல் இருப்பதற்காக அவர் காலையும் இரவும் டாக்ரோலிமஸ் மாத்திரை விழுங்குகிறார். ஒரு வேளை தாமதமானாலும் அண்ணியின் முகம் வாடிவிடுகிறது. அந்த மீனோ எந்த மருந்தும் இன்றி இன்னொரு உயிரையே தன் உடலில் ஏற்றுக்கொள்கிறது. நிலையாக ஒன்றிப்போகும் இனங்களில், நம் நோயெதிர்ப்புக்கு அடிப்படையான சில மரபணுக்கள் சிதைந்தோ தொலைந்தோ போயிருப்பதை 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. அவை இல்லாமல் அந்த மீன் கிருமிகளிடமிருந்து எப்படித் தப்புகிறது என்ற கேள்வியைத்தான் அந்தப் பெண் தன் படத்தின் கீழே எழுதியிருந்தாள். அதைப் படிக்க அங்கே ஒருவருக்கும் பொறுமை இல்லை.

ரீகனும் கணவன் மனைவி என்றுதானே எழுதினார் என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதினார், மறுக்கவில்லை, ஆனால் வியப்பில் எழுதினார், ஒரு குழந்தையின் வாயை அடைப்பதற்காக எழுதவில்லை. கடலே இல்லாத கோபிக்கு ஆழ்கடல் மீன் எதற்கு என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

சிறப்பு விருந்தினர் ஐயா மூத்தவர், நல்ல பேச்சாளர் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் வலிக்கிறது. நானும் பத்தாம் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டு, வகுப்பே சிரித்ததால், பிறகு பள்ளி முடியும் வரை கை தூக்காமல் இருந்தவள்.

நேற்று மாலை அவளை வீட்டில் போய்ப் பார்த்தேன். படத்தைச் சுருட்டிப் பரண் மேல் போட்டிருந்தாள். நான் கேட்டதும் இறக்கிக்கொண்டு வந்து விரித்தாள். சிறிது நேரம் பேசாமல் இருந்தவள், "ஒட்டின ஆண் கண்ணுக்கே தெரியலையாம், நான் சின்னதா வரைஞ்சிட்டேனா அக்கா?" என்று கேட்டாள். அளவு சரியாகத்தான் இருந்தது.