நெட்டியும் சிற்பம்தான், விளக்கும் சிற்பம்தான்

சித்தப்பா தஞ்சாவூரில் நாற்பது வருஷமாக நெட்டி வேலை செய்கிறார், அதாவது நெட்டிச் செடியின் வெள்ளைத் தண்டைச் சீவி கோபுரம் மாதிரி உருவங்கள் செய்வது. போன மாதம் ஒரு கண்காட்சியில் சிற்பப் பிரிவுக்கு விண்ணப்பித்தார். "இது கைவினைப் பொருள், சிற்பத்தில் சேராது" என்று திருப்பிவிட்டார்கள். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இசாமு நொகுச்சி என்ற சிற்பியை இவர்களுக்குத் தெரியுமா? 1904இல் பிறந்தவர், அப்பா ஜப்பானியக் கவிஞர், அம்மா அமெரிக்கர். 1927இல் பாரிஸில் பிரான்குசி என்ற பெரிய சிற்பியிடம் வேலை பழகியவர், கல் அவருக்கு அத்துப்படி. 1951இல் ஜப்பானின் கிஃபு நகரத்துக்கு, நீர்க்காகத்தை விட்டு ஆற்றில் மீன் பிடிப்பதைப் பார்க்கப் போகிறார். காகித விளக்குக்குப் பேர்போன ஊர் அது. தொழில் நலிந்து கிடக்க, மேயர் உதவி கேட்கிறார். அதில் இறங்கியவர் 1988இல் சாகும்வரை விடவில்லை. மர அச்சின்மேல் மூங்கில் சிம்பைச் சுற்றி, முசுக்கட்டைப் பட்டையில் செய்த காகிதத்தை ஒட்டி, காய்ந்ததும் அச்சை ஒவ்வொரு துண்டாக உருவிவிடுவார்கள், அப்புறம் உள்ளே வெளிச்சத்துக்கு மட்டும்தான் இடம். 'அகாரி' என்று பேர் வைத்தார், நூறு வகைக்கு மேல் செய்தார். விளக்கெல்லாம் சிற்பமா என்று அவரையும் கேட்டார்கள். 1986இல் வெனிஸ் பியன்னாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில், அமெரிக்க அரங்கில் 'சிற்பம் என்றால் என்ன?' என்றே தலைப்பு வைத்து, பளிங்கில் செய்த சறுக்குமரத்தோடு அகாரி விளக்குகளையும் வைத்தார்.

நமக்கோ சிற்பம் என்றால் கருங்கல், இல்லை சுவாமிமலைச் செப்புத் திருமேனி. கனம் இருக்கணும். நெட்டி குளத்திலும் ஏரியிலும் முளைக்கிற செடி, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் மாலையாகப் போடுகிற அதே நெட்டிதான், அதனால் இளப்பம். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தும் இந்தப் பேச்சு மாறவில்லை.

சித்தப்பா சீவுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கணும். பழுப்புத் தோலை நீக்கியதும் உள்ளே வெள்ளைவெளேர். ஒரு சீவலை எடுத்து பல்புக்கு எதிரே பிடித்தார், பின்னால் இருந்த அவர் விரல் நிழலாகத் தெரிந்தது. கோபுரம் செய்யும்போது உள்ளே குட்டி விளக்கை எரியவிட்டுத்தான் பார்க்கிறார், எந்த நிலை இருட்டாக இருக்கிறதோ அதை இன்னும் ஒரு இழை சீவுகிறார். வெளிச்சத்தை அளந்து அளந்து உருவம் கொண்டுவருகிற மனுஷரைச் சிற்பி என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அடுத்த வருஷமும் சிற்பப் பிரிவுக்கேதான் போடப்போகிறோம். விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன். "சரி, எழுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கத்தியை எடுத்துக்கொண்டார்.